ஸ்டெபி பூட்டிய கொக்கி

"ஜெனோ...!"

ஸ்டெபியின் அலறல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், பளு தூக்கும் செயின் பிளாக்குகளைப் பூட்டிக் கொடுக்கும் கம்பெனி அது. சோதனைக்காகத் தூக்கிய இரும்புப் பாளம் கொக்கியோடு கழன்று விழுந்திருந்தது.

அடியில் ஜெனோ!

கூட வேலை பார்ப்பவன். அடுத்த மாதம் மாதா கோயிலில் வைத்து அவளுக்குத் தாலி கட்ட வேண்டியவன்.

அந்தக் கொக்கியைப் பூட்டியவள்... ஸ்டெபியேதான்!

இன்ஸ்பெக்டர் ஜெயபிரியா வந்தபோது, அவளுடைய வலது கட்டைவிரல் வெறும் காற்றை அழுத்திக்கொண்டிருந்தது.

"என்னம்மா பண்ணுற?"

"ரீசெட் மேடம்... தொழில் படிச்ச வி.ஆர். கண்ணாடியில தப்பாப் போச்சுன்னா இத அமுக்கினா போதும், எல்லாம் பழையபடி வந்துரும்... இப்ப வர மாட்டேங்குதே மேடம்!"

கான்ஸ்டபிள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!" என்று குறுக்கே பாய்ந்தார் மனுவேல். ஸ்டெபியின் அப்பா. அதே கம்பெனியில் கைவேலை கற்றுக்கொடுக்கிறவர். "கண்ணாடிய மாட்டிக்கிட்டு காத்துல கையாட்டுனா தொழில் வந்துருமா? மேனேஜர் கேட்டாரா? இந்தச் சனியன் வந்ததுல இருந்து ஒரு பய எங்கிட்டப் படிக்க வரல!"

"எங்க தப்பு நடந்துச்சு?"

"கொக்கி கழலாம இருக்க ஸ்ப்ளிட் பின்னச் செருகி, ரெண்டு காலையும் வளைச்சு விடணும் மேடம். இல்லன்னா உருவிக்கிடும். கண்ணாடியில செருகுனதுமே டிங்குன்னு பச்சை லைட்டு! வளைக்கிற சோலியே கெடையாது!"

"நெசந்தான் மேடம்... ஒரு நாளும் நான் வளைச்சதில்ல. நாந்தான் கொன்னுட்டேன்!"

அப்படியே தரையில் சரிந்தாள்.

"ஜெனோ எதுக்கு அடியில போய் நின்னான்?"

"'கண்ணாடிக்காரி பூட்டுனது, நம்ப முடியாது, எல்லாரும் தள்ளிப் போங்க'ன்னு அப்பா சத்தம் போட்டாவ. எல்லாரும் சிரிச்சாவ. ஜெனோ மட்டும்... 'ஸ்டெபி பூட்டுனதுதான? நான் நிக்கேன் மாமா'ன்னு உள்ள போயிட்டான்..."

ஜெயபிரியா ஒரு கவரை உயர்த்திக் காட்டினார். உள்ளே அந்தப் பின்!

"காலு நிமிர்ந்துதான் இருக்கு. ஆனா மடிஞ்ச தடம் இருக்கே! ஒருத்தர் வளைச்சிருக்காங்க. அப்புறம் ஒருத்தர் நிமித்தியிருக்காங்க!"

ஸ்டெபிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

'நீ முன்னால போளா, கை கழுவிட்டு வாரேன்.' தினமும் சாயங்காலம் ஜெனோ சொல்கிற பேச்சு. கை கழுவ அத்தனை நேரமா என்று அவள் சண்டைகூடப் பிடித்திருக்கிறாள். அவள் செருகிவிட்டுப் போன பின்களையெல்லாம் ஒவ்வொன்றாக வளைத்துவிட்டு வந்திருக்கிறான்!

"பாவி... ஒரு வார்த்த சொல்லலையே!"

நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நிமித்துன பிளேயரோட தடமும் இதுல பதிஞ்சிருக்கு," என்றார் ஜெயபிரியா. "நடுவுல ஒரு பல்லு உடைஞ்ச பிளேயர்!"

அழுகை சட்டென்று நின்றது.

ஸ்டெபியின் பார்வை மெல்ல நகர்ந்து... அப்பாவின் இடுப்பில் போய் நின்றது!

"அப்பா... உங்க பிளேயர எடுங்க."

மனுவேல் உருவிக் கொடுத்த பிளேயரில் நடுவே ஒரு பல் இல்லை.

"ஆளக் கொல்லணும்னு இல்லளா! கொக்கி விழுந்தா அந்தக் கண்ணாடிய மூட்ட கட்டிருவாங்கன்னு நெனச்சேன்... அதுக்குத்தான எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னேன்! அந்தப் பய எதுக்குளா உள்ள வந்தான்?"

"என்னப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னு வந்தாம்பா!"

ஜெயபிரியா பிளேயரை இன்னொரு கவரில் போட்டார்.

"பழி எம்மேல விழும்னு தெரியாதா உங்களுக்கு?"

"...தெரியும்."

அதற்கு மேல் அவளால் அழக்கூட முடியவில்லை. பெத்த அப்பன்!

"கையில செஞ்சு படிச்சாத்தான் தொழிலு... அதத்தானளா சொன்னேன்," என்று முனகினார் மனுவேல்.

கான்ஸ்டபிள் விலங்கோடு வந்தார். ஸ்டெபி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க சொன்னது சரிதாம்பா! விலங்கையும் கண்ணாடிக்குள்ள மாட்ட முடியாது, கையிலதான்... நீட்டுங்க கைய!"