இல்போவின் மரம்

புது விறகு இயந்திரம் வந்து இறங்கிய அன்று எஸ்கோவின் முற்றத்தில் ஒரு குட்டித் திருவிழாவே நடந்தது. அக்கம்பக்கத்து ஆண்கள் நான்கு பேர் கோட்டுப்பைக்குள் கைவிட்டுக்கொண்டு, லாரியிலிருந்து அதை இறக்கி முடிக்கும்வரை வாய் திறக்காமல் பார்த்தார்கள். அந்த ஊரில் அதற்குப் பெயர்தான் பாராட்டு.

"பழசு என்னாச்சு?" என்று கடைசியில் கேட்டார் பக்கத்து வீட்டுக் கௌக்கோ.

"கொட்டகைக்குப் பின்னாடி கிடக்கு. ஒரு சாணுக்கு மேல தடிமனா குடுத்தா மென்னு துப்பிடும். இது ரெண்டு சாண் மரத்தையும் முழுங்கும்."

"அப்ப உன்னையும் முழுங்கிடும். கிட்டப் போகாதே."

மின்சார விலை தாறுமாறாக ஏறிய வருடம் அது. கிழக்கு ஃபின்லாந்தில் பத்து வருடமாக அடுப்பு மூட்டாத வீடுகளெல்லாம் விறகு கேட்டன. எஸ்கோவின் மனைவி மிர்யாவுக்குத் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்க நேரமில்லை. பழசு நான்கு நாள் முக்கி முனகிச் செய்த வேலையைப் புது இயந்திரம் ஒரே நாளில் முடித்தது. அறுத்தது, பிளந்தது, வண்டிக்குள் கொட்டியது. ஆனால் நவம்பர் பிறந்ததும் காய்ந்த மரம் தீர்ந்துவிட்டது. பச்சை மரம் மலை போலக் கிடந்தது; அதை விறகென்று விற்றால் ஊரில் தலைகாட்ட முடியாது.

"அவசரம்னு மூணு வீடு கேக்குது," என்றாள் மிர்யா. "கௌக்கோ, பள்ளிக்கூடத்துல சமைக்கற ஔனே, ஏரிக்கரை லெம்பி அம்மா. இல்லேன்னு சொல்லிடவா?"

"சொல்லாதே. நான் பாத்துக்கறேன்."

தேவாலயத்துக்குப் போகும் சாலையின் வளைவில், எஸ்கோவின் நிலத்தில், ஒரு பெரிய பைன் மரம் வண்டு அரித்து நின்றபடியே காய்ந்திருந்தது. தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மூன்று வீட்டுக்கும் தாராளமாகப் போதும்.

அது இல்போவின் மரம்.

இல்போ எஸ்கோவின் அண்ணன். கல்யாணம் காட்சி இல்லாதவன். இருபத்திரண்டு வருடம் பழைய இயந்திரத்தின் மறுமுனையில் நின்று விறகு அடுக்கியவன். பக்கவாதத்தில் ஒரு கால் இழுத்துக்கொண்டதும், தேவாலயத்தை ஒட்டியிருந்த முதியோர் இல்லத்தில் விட்டார்கள். இரண்டு மாதம் என்றுதான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இல்போ தொலைபேசியில் கூப்பிடுவான்.

"எப்படா வந்து கூட்டிட்டுப் போவே?"

"அடுத்த வாரம்ணே. ஆர்டர் கொஞ்சம் குறையட்டும்."

ஆர்டர் எங்கே குறைந்தது? இரண்டு குளிர்காலம் அப்படியே ஓடிப்போயிற்று. மிர்யா கேட்கும்போதெல்லாம், "அவருக்கு அங்கேயே பிடிச்சுப்போச்சாம், வரமாட்டேங்கறாரு," என்று எஸ்கோ சொல்லிவந்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு இல்போ இறந்த அன்று கட்டிலுக்கடியில் ஒரு பை இருந்தது. துணிமணி, சவரக்கத்தி, கம்பளிக் காலுறை எல்லாம் மடித்து வைத்து, வார் இறுக்கிக் கட்டிய பை. அதை மிர்யாவின் கண்ணில் காட்டாமல் எஸ்கோ ஒழித்துக்கட்டினான்.

அந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டிலிருந்து கல்லறைக்குப் போகும் வழியில் ஒரு மரத்தில் சிலுவையும், இறந்தவரின் பெயரெழுத்தும், வருடமும் செதுக்குவார்கள். செத்தவர் எழுந்து வீட்டுக்கு நடந்தால், அந்த மரத்தில் தன் பெயரைப் பார்ப்பார். தான் செத்தது நினைவுக்கு வரும். திரும்பிப் போய்விடுவார். இல்போவின் சவப்பெட்டி அந்த வழியே வரவேயில்லை. இல்லத்திலிருந்து கல்லறை கூப்பிடு தூரம். இருந்தும் அடக்கம் முடிந்த கையோடு எஸ்கோ தனியாகப் போய் அந்தப் பைனில் செதுக்கினான். தம்பி என்றால் இவனல்லவா தம்பி என்று ஊர் உருகியது. பாசத்தில் செய்யவில்லை, அண்ணன் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் செய்தான். அது அவனுக்கு மட்டும் தெரியும்.

அப்படிப்பட்ட மரத்தை அங்கே யாரும் வெட்டமாட்டார்கள். எஸ்கோ மரத்துக்குப் பின்பக்கமாகப் போய் நின்று வெட்டினான்.

முற்றத்தில் இயந்திரம் ஒவ்வொரு துண்டாக அறுத்துப் பிளந்தது. நான்காவது துண்டு உருண்டு வந்து ஆப்புக்கு முன்னால் நின்றது. சிலுவை அவனைப் பார்த்தபடி மேல்பக்கம் இருந்தது. அதன் கீழே, அவனே செதுக்கிய எழுத்து.

லீவர் மேல் கை இருந்தது. எடுத்திருக்கலாம். அந்த ஒரு துண்டை ஓரமாக உருட்டிவிட்டிருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்?

அழுத்தினான்.

துண்டு நான்காகப் பிளந்தது. ஈரக் கம்பளி நாற்றம் ஒரு கணம் அடித்து, டீசல் புகையில் கலந்து போனது.

ஐந்து நாள் கழித்து, மாலை நான்கு மணி இருக்கும். நவம்பர் ஆனதால் அதற்குள் இருட்டிவிட்டது. கௌக்கோ வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வர மறுத்தார்.

"எஸ்கோ, நான் குடிக்கலை. முதல்லயே சொல்லிடறேன்."

"என்ன விஷயம்?"

"நேத்து சாயங்காலம் உன் விறகைப் போட்டு ஆவிக்குளியலுக்கு சௌனாவை மூட்டினேன். கல்லுல தண்ணி ஊத்தினேன். ஆவி கொஞ்சம் விலகிச்சு. மேல் பெஞ்சுல உங்கண்ணன் உக்காந்திருந்தான்."

எஸ்கோ திரும்பி, உள்ளே மிர்யா கேட்கிறாளா என்று பார்த்தான்.

"கால்ல கம்பளி உறை. அதுல சொட்டச் சொட்டத் தண்ணி. என்னைப் பாத்து, 'அடுத்த வாரம் வந்துடுச்சா?'ன்னு கேட்டான். அவ்வளவுதான். நான் அம்மணமா வீடுவரைக்கும் ஓடினேன்பா. பாக்கி விறகையெல்லாம் வயல்ல போட்டுக் கொளுத்திட்டேன். அங்கேயும் வந்து நின்னான். நெருப்பு அணையறவரைக்கும் கையை நீட்டிக் குளிர் காஞ்சுட்டு நின்னான்."

கௌக்கோ போனபின் தொலைபேசி மணி அடித்தது. மிர்யா எடுத்தாள். ஔனே பேசினாள். இரண்டு நாளாக அவள் வீட்டுச் சமையலறை அடுப்போரம் கால் இழுத்து நடக்கும் ஒரு பெரியவர் வந்து நிற்கிறார். எந்த வழியாக வருகிறார் என்று தெரியவில்லை. அடுப்பு அணைந்ததும் ஆள் இல்லை. அடுத்த வாரம் வந்துவிட்டதா என்று கேட்கிறார். இன்று காலையோடு அந்த விறகு தீர்ந்தது, நல்லவேளை.

மிர்யா தொலைபேசியை வைத்துவிட்டு மெல்லத் திரும்பினாள்.

"எந்த மரத்தை வெட்டினே?"

"வளைவுல இருந்த..."

"ஐயோ!" அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் இன்னும் தாழ்ந்த குரலில் கேட்டாள். "அடுத்த வாரம்னா என்ன, எஸ்கோ? யாரு அவருகிட்ட அப்படிச் சொன்னது?"

ஒரு பொய்யை நான்கு வருடம் சுமந்தவனுக்கு அதை இறக்கி வைப்பதும் சுலபமில்லை. எஸ்கோ மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னான், கட்டி வைத்த பையைச் சொன்னான்.

மிர்யா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய் இல்போவின் பழைய அறையில் மெத்தை விரிப்பை மாற்றினாள்.

"அந்த விறகு எரியற இடத்துக்குத்தான் வர்றாரு. இங்க ஒரு துண்டாவது இருக்கா?"

இல்லை. ஒரு சில்லுகூட மிச்சமில்லாமல் விற்றிருந்தான். அன்று வாசற்கதவை அகலத் திறந்து வைத்தார்கள். இருக்கிற பச்சை விறகெல்லாம் போட்டு அடுப்பு மூட்டினார்கள். குளிர் வந்தது, புகை வந்தது. வேறு யாரும் வரவில்லை. அண்ணன் வர முடியாத வீடு அந்த ஊரிலேயே தன் வீடு ஒன்றுதான் என்று எஸ்கோவுக்கு அப்போது உறைத்தது.

"லெம்பி அம்மாகிட்ட மிச்சம் இருக்கும். சிக்கனமா எரிக்கற மனுஷி," என்றாள் மிர்யா. தடித்த கம்பளி ஒன்றை அவன் கையில் திணித்தாள். "போய்க் கூட்டிட்டு வா."

மறுநாள் மூன்று மணிக்கு அவன் ஏரிக்கரைக்குப் போனபோது வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. லெம்பி தனியாக இருப்பவள்; புருஷன் போய்ப் பதினாறு வருடம். புகைபோக்கியில் மெல்லிய புகை. காலையில் விழுந்த பனி படிக்கட்டில் கூட்டித் தள்ளாமல் கிடந்தது.

படியில் ஒருவர் ஏறிப் போன தடம் இருந்தது.

ஒரு பாதம் முழுசாகப் பதிந்திருந்தது. மறுபாதம் நெடுகக் கோடிழுத்திருந்தது.

இறங்கி வந்த தடம் இல்லை.

எஸ்கோ தட்டினான். லெம்பி கதவை ஒரு கை அகலம் திறந்தாள். உள்ளிருந்து காப்பி வாசனையும் ஈரக் கம்பளி நாற்றமும் சேர்ந்து வந்தன.

"நல்லவேளை வந்தே. இந்த மரத்துல இன்னும் இருக்கா?" என்றாள். "என்ன விலைன்னாலும் எடுத்துக்கறேன்."

"இல்லீங்க. உங்ககிட்ட இருக்கறதைத் திருப்பிக் கேக்கத்தான் வந்தேன். பதிலுக்கு ரெண்டு வண்டி நல்ல பிர்ச் மர விறகு வெளியூர்ல வாங்கியாவது தர்றேன். தயவுபண்ணி..."

"தரமாட்டேன்."

"லெம்பி அம்மா, உள்ள யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். எல்லாம் சொன்னாரு." அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமில்லாத பார்வை, அதனாலேயே தாங்க முடியவில்லை. "ஒரு நாளைக்கு ஒரு துண்டுதான் போடறேன். செத்துப்போனதை நான் அவருகிட்ட சொல்லலை. நீயும் சொல்லிடாதே."

"என் அண்ணன்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். ரூம் தயாரா இருக்கு."

உள்ளே நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுபடும் சத்தம்.

மேசை ஓரம் தெரிந்தது. மேசைமேல் இரண்டு கோப்பை. இரண்டிலும் ஆவி பறந்தது.

"அண்ணே," என்றான் எஸ்கோ. "நான்தாண்ணே. வண்டி வெளியதான் நிக்குது."

இழுபடும் சத்தம் நின்றது.

"யாரு லெம்பி, வாசல்ல?" என்று இல்போ கேட்டான்.

லெம்பி எஸ்கோவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாருமில்ல. விறகுக்காரர்."

"அப்ப கதவைச் சாத்து. குளிருது."

கதவு மூடியது. எஸ்கோ கம்பளியைக் கையில் பிடித்தபடி பனியில் நின்றான். உள்ளே அடுப்புக் கதவு திறக்கும் சத்தமும், இன்றைய துண்டின் மறுபாதியை அதில் போடும் சத்தமும் கேட்டன.