பின்னால் வருபவருக்காக

தார்ன்வெல் தேவாலயத்தின் பின்பக்கம் தொடங்கும் ஒற்றையடிப் பாதை, ஆடு மேயும் புல்வெளியைத் தாண்டிக் குன்றேறி, கிளைவ் ஹார்ட்னலின் தோட்டத்துக்குள் புகுந்துதான் ஆற்றுக்கு இறங்கும். வீட்டை வாங்கும்போதே வக்கீல் சொல்லியிருந்தார், வீடுதான் உங்களுடையது, பாதை ஊருடையது என்று. கிளைவ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தோட்டத்து வாசலை அடைத்துப் பூட்டும் போட்டான். வினிஃப்ரெட் பாஸ்க் என்ற கிழவி ஊரையே திரட்டி வந்து அந்தப் பூட்டைக் கழற்ற வைத்தாள். அதன்பின் ஞாயிறு தவறாமல் சிவப்புக் கம்பளித் தொப்பியோடு ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு, அவன் காலைச் சாப்பாடு சாப்பிடும் ஜன்னலை ஒட்டியே நடந்து போனாள். கையை வேறு ஆட்டுவாள்.

அவள் செத்து ஒரு வருஷமாகிறது. அவள் செத்த நாளைப் போலவே இந்த ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானமே இருட்டிக்கொண்டு மூடுபனி இறங்கியிருந்தது.

கிளைவ் பப்பில் சாப்பிட்டு முடித்துக் கோட்டை மாட்டினான். கடைக்கார நார்மன் டக்கெட் குவளையைத் துடைத்தபடியே கேட்டான்.

"என்னய்யா, இந்தப் பனியில குன்று வழியாவா போறே? பேசாம ரோட்டைப் பிடிச்சுப் போயேன்."

"ரோடு சுத்து. எனக்கு வழி தெரியும்."

"வினிஃப்ரெட் அம்மாவுக்குத் தெரியாத வழியா? பொறந்ததுலேர்ந்து நடந்த மனுஷி. ஆனா கண்ணே தெரியாத பனியில காலை நம்புவாங்களா, கைகாட்டியை நம்புவாங்களா?" நார்மன் தலையை ஆட்டினான். "எப்படித்தான் கல்குவாரிப் பக்கம் திரும்பினாங்களோ, பாவம்."

கிளைவ் வெளியே வந்தான்.

எப்படித் திரும்பினாள் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அன்று விடியற்காலையில் குன்றின் மேல் பாதை பிரியும் இடத்துக்குப் போய், கைகாட்டி மரத்தை இடப்பக்கம் திருப்பி வைத்தவன் அவன்தான். கிழவி கொஞ்ச நேரம் சேற்றில் அலையட்டும், வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அன்று பனிக்குப் பயந்து கூட்டம் வரவில்லை. அவள் மட்டும் வந்து, குவாரிக் குழியில் விழுந்து செத்தாள். தேடுகிறவர்கள் குன்றேறுவதற்குள் மரத்தைப் பழையபடி திருப்பிவிட்டான்.

புல்வெளி முடியும் இடத்தில் ஒரு சுழல் கதவு உண்டு. ஆள் நுழையலாம், ஆடு நுழைய முடியாது. முன்னால் போகிறவர் பின்னால் வருபவருக்குக் கதவைப் பிடித்து நிற்பது அந்த ஊர்க்காரர்களுக்கு மூச்சு விடுவது போல. ஜென்ம விரோதியாக இருந்தாலும் முகத்தில் அடிக்கிற மாதிரி கதவை விட மாட்டார்கள்.

கிளைவ் நுழைந்து கதவை விடப் போனபோது பின்னால் ஈரப் புல்லில் காலடி கேட்டது. யாரென்று பார்க்கவில்லை. கை தானாகக் கதவைப் பிடித்துக்கொண்டது.

நனைந்த கம்பளியின் வாடை முதலில் வந்தது. பிறகு ஊறிப்போன களிமண்ணின் வாடை.

பனியிலிருந்து சிவப்புத் தொப்பி வந்தது.

"ரொம்ப நன்றிப்பா," என்றாள் அவள். "முன்ன பூட்டு போட்டே. இப்ப நீயே திறந்து விடறே."

அவனை உரசாமல் தாண்டி, குன்றை நோக்கிப் பனிக்குள் போனாள். காலடிச் சத்தம் மேலே ஏறிக்கொண்டே போயிற்று.

அவள் போன வழியில் போகக் கிளைவுக்குத் துணிவில்லை. திரும்பி ஓடி, தார் ரோட்டைப் பிடித்து, மூச்சிரைக்க வீடு வந்து சேர்ந்தான். சேறான பூட்ஸை உள்ளே கதவோரம் கழற்றிப் போட்டுவிட்டு, "ஹிலரி!" என்று மனைவியைக் கூப்பிட்டான்.

பதில் இல்லை. அவளுடைய பூட்ஸைக் காணவில்லை. நாய் ரூஃபஸின் கயிறும் இல்லை.

போன் அடித்தது.

"கிளைவ், எங்க தொலைஞ்சே?" ஹிலரியின் குரல் காற்றில் விட்டு விட்டு வந்தது. "பனியா இருக்கேன்னு உன்னைக் கூட்டிட்டு வர ரூஃபஸோட குன்று மேல வந்தேன். பனியில முகம் சரியாத் தெரியல, ஒரு வயசானம்மா, நீ இடப்பக்கம் போனேன்னு சொன்னாங்க. கைகாட்டியும் அங்கதான் காட்டுது. அவங்க பின்னாடியே போயிட்டிருக்கேன். இந்த வயசுல என்ன நடை நடக்கறாங்க! சிவப்புத் தொப்பி மட்டுந்தான் தெரியுது."

"நில்லு! ஹிலரி, அங்கேயே நில்லு! அது வழி இல்ல!"

"கைகாட்டி காட்டுதுங்கறேன்..."

"கைகாட்டி தப்பு!"

"இங்க இல்லாம உனக்கெப்படி தெரியும்? சும்மா கத்தாதே. அவங்க கூப்பிடறாங்க, நான் போறேன்."

போனில் கல் உருளும் சத்தம் கேட்டது. ரூஃபஸ் ஊளையிட்டது. ஹிலரியை அவன் உயிராக நேசித்தான். உலகத்தில் அவன் நேசித்தது அவள் ஒருத்தியைத்தான்.

"நான்தான் திருப்பினேன்!" என்று அலறினான். "போன வருஷம் அந்த மரத்தை நான்தான் திருப்பி வச்சேன்! வினிஃப்ரெட்டைக் கொன்னது நான்தான்! ஒரு அடி எடுத்து வைக்காதே ஹிலரி, முன்னால குழி!"

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு ஹிலரி பேசினாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"அவங்களும் நின்னுட்டாங்க. என்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க."

இணைப்பு அறுந்தது.

வெளியே போகப் பயந்து, அவன் ஜன்னலை விட்டு அசையவில்லை. கடைசியில் தோட்டத்து வாசலில் நாயும் அவளும் தெரிந்தார்கள். உயிரோடு வந்துவிட்டாள். அவன் அழுதுகொண்டே கதவைத் திறந்தான்.

"ஹிலரி..."

அவள் உள்ளே வரவில்லை. தோட்டத்து வாசற்கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒதுங்கி நின்றாள். முகத்தில் கோபம் கூட இல்லை. அதுதான் அவனை அதிகம் வதைத்தது.

"நான் நார்மன் கடைக்குப் போறேன்," என்றாள். "அங்கேயிருந்து போலீசுக்குச் சொல்லுவேன். நீ என்னைக் கூப்பிடாதே."

பிறகு தன் பக்கத்து வெறும் பனியைப் பார்த்து, மரியாதையாகச் சொன்னாள்.

"நீங்க போங்கம்மா. அவர் உள்ளதான் இருக்கார்."

யாரோ நுழைவதற்கு வேண்டிய நேரம் பிடித்து நின்றுவிட்டு, கதவை மெல்லச் சாத்தினாள். நாய் அவளை முந்திக்கொண்டு ஓடியது.

கிளைவ் வீட்டுக் கதவை அறைந்து தாழ்ப்பாள் போட்டான். அதில் சாய்ந்து நின்று காதைக் கொடுத்தான். வெளியே எந்தச் சத்தமும் இல்லை.

அப்புறம்தான் கீழே பார்த்தான்.

அவனுடைய பூட்ஸுக்குப் பக்கத்தில், ஒழுங்காக, இன்னொரு ஜோடி சின்ன பூட்ஸ் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. குவாரிக் களிமண் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு அறையில், ஜன்னலோரம் அவன் தினமும் உட்காரும் நாற்காலியை யாரோ இழுத்துப் போட்டார்கள்.