செம்பியின் உடம்பில் இன்னொரு நாய்

கால்தான் முதலில் கண்டுபிடித்தது. சிவப்புச் சிமெண்டுத் தரையில் சொட்டின ரத்தம் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுப்படியிலிருந்து செம்போடு வந்த பிரகதீஸ்வரியின் பாதத்தில்தான் பிசுபிசுவென்று ஒட்டியது. இரும்பு வாடை. அதற்கடியில் அழுகின தேங்காய்த் தண்ணீர் மாதிரி இன்னொன்று. மூலையில் அவள் வளர்க்கும் பெட்டை நாய் செம்பி, தன் பின்பக்கத்தை நக்கிக்கொண்டு கிடந்தது.

தீட்டு என்றுதான் நினைத்தாள், பாவம். அந்த வீட்டில் தூரமான பொம்பளைக்குத் தனித் தட்டு, தனிப் பாய். நாய்க்கும் அப்படியே செய்தாள். மாட்டுக்கொட்டகையில் கட்டி, தள்ளி நின்று சோறு வைத்தாள். வாசலில் கடுவன் நாய்கள் கூடின. பக்கத்து வீட்டு வீரையன் வயலுக்குப் போகிறவர் நின்று சிரித்தார்.

"என்ன தங்கச்சி, மாப்பிள்ளைங்க வரிசை கட்டி நிக்கிறாங்க? மொய் எழுதிடலாமா?"

புருஷன் சிங்கப்பூரில். ஒண்டியாக இருக்கிறவள். காது மடல் வரைக்கும் சுட்டது அவளுக்கு. நீங்களோ நானோ இருந்தாலும் கூசித்தான் போயிருப்போம், கண்ணுகளா.

குறுவை அறுப்பில் தொடங்கிய சொட்டு, தாளடி நட்டு முடிந்து, மாசம் இரண்டாகியும் நிற்கவில்லை. கால்நடை டாக்டர் ஜாபிர் அதே தெருவுக்கு மாடு பார்க்க வந்து போய்க்கொண்டுதான் இருந்தார். அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொண்டாள். இதைப் போய் ஓர் ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது? செம்பி எழுந்திருக்க மாட்டாமல் போன பிறகுதான் போன் செய்தாள்.

ஜாபிர் வாலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே காலிஃபிளவர் பூப்போலச் சிவந்த சதை பிதுங்கியது.

"தீட்டு இல்லக்கா. புற்று. தொத்துற புற்று. இது இவ சதையே இல்ல. எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்த ஒரு நாயோட சதை. அந்த நாய் போயிடுச்சு, சதை சாகல. நாயும் நாயும் சேரும்போது, நக்கும்போது, ஒட்டி ஒட்டி வந்துக்கிட்டே இருக்கு."

"நமக்கு ஒட்டுமா தம்பி?"

"ஒட்டாது. உடம்புல காவல் இருக்குக்கா. அந்நியச் சதை வந்தா அடையாளம் பார்த்துக் கடிச்சிடும். நாய் உடம்புல மட்டும் இது அந்த அடையாளத்தையே கழட்டி மறைச்சிடுது. முகமே இல்லாதவனைக் காவக்காரன் எப்படிப் பிடிப்பான்? இந்த ஊசியில அந்தச் சதை கொஞ்சம் செத்துச்சுன்னா மீதி அம்பலமாகும். காவல் முழிச்சிக்கிட்டு எதிர்த்துட்டா இவ பொழச்சிடுவா. ஆனா உடம்புல தெம்பு இருக்கணும். எப்பலேருந்து இப்படி?"

"ரெண்டு மூணு நாளாத்தான் தம்பி."

அவர் கட்டியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஊசியைப் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பார்வைதான் அவளை அறுத்தது.

பொழுது சாய மழை பிடித்தது. கரண்டும் போயிற்று. செம்பியை வீட்டுக்குள் தூக்கி வந்து சாக்கு விரித்துப் படுக்க வைத்து, தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஓட்டிலிருந்து தண்ணீர் ஒழுகும் சத்தம், வாய்க்காலில் தவளைச் சத்தம், இரண்டுக்கும் நடுவில் சளப் சளப்பென்று ஈரமாய் எதையோ நக்கும் சத்தம். தன்னைத்தான் நக்கிக்கொள்கிறது என்று விட்டுவிட்டாள்.

அப்போது செம்பி உறுமியது.

பிரகதீஸ்வரிக்கு நெஞ்சு பூரித்தது. காவல் முழித்துக்கொண்டது! "விடாதடி, கடி" என்றாள் வாய்விட்டே.

உறுமல் சாக்கிலிருந்து வந்தது.

நக்கும் சத்தம் நிற்கவில்லை. அது எதிர்ப்பக்கம். அவள் பக்கம்.

வாடை நெருங்கியது. மூச்சு பட்டது. கணுக்காலில்.

"தங்கச்சி!" வேலிக்கு வெளியே வீரையன் குரல், டார்ச் வெளிச்சம். "நாய் இப்படி உறுமுதே, பாம்பு கீம்பு நுழைஞ்சிடுச்சா? உள்ள வந்து பார்க்கட்டுமா?"

வரட்டும். கூப்பிடு. வாய் திறந்தது. வெளிச்சம் வந்தால் தரை தெரியும். சாக்கு தெரியும். இத்தனை நாள் மூடி வைத்ததெல்லாம் தெரியும்.

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க போங்க."

வெளிச்சம் போய்விட்டது.

மடியில் ஒரு தலை வந்து படுத்தது. கனமாக. கொதிக்கக் கொதிக்க. அவள் கை தன்னால் அதைத் தடவியது. காது இருந்தது. நெற்றி இருந்தது. அதற்குக் கீழே கண் இல்லை, மூக்கு இல்லை. விரல் போன இடமெல்லாம் பூப்பூவாய் ஈரச் சதை.

செம்பியின் உறுமல் தேய்ந்தது. முனகலாயிற்று. அதுவும் அடங்கியது.

பிறகு இருட்டில், சாக்கின் மேல், தட் தட்டென்று மெதுவாக, வீட்டு ஆளைக் கண்டதுபோல, செம்பியின் வால் ஆடத் தொடங்கியது.