சின்னத் தட்டில் இல்லாதது

மருந்தைக் கரண்டியில் ஊற்றியது நினைவிருந்தது. அடுத்து அவர் பார்த்தபோது கரண்டி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது, அதன் நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்கிக்கொண்டிருந்தது, அவர் கை ஈரமாக இருந்தது. நடுவே உள்ளறைக்குப் போனதோ, மனைவியின் தலையைத் தூக்கிப் பிடித்ததோ, அவள் மருந்தை விழுங்கியதோ எதுவும் மனதில் இல்லை. இரண்டு வருடமாகத் தூக்கம் கெட்ட மனுஷனுக்கு இதெல்லாம் சகஜம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மேசைக்குத் திரும்பினார்.

மேசை நிறைய இசைத்தட்டுகள். ஒருகாலத்தில் அவர் வேலை பார்த்த ஒலிப்பதிவுக் கம்பெனி பழைய பாட்டுகளை மறுபடி வெளியிடப் போகிறதாம். ஒவ்வொரு பாட்டும் இரண்டு விதமாக இருக்கிறது. ஆல்பமாக வந்த பெரிய தட்டில் முழுசாக, தனிப்பாட்டாக வந்த சின்னத் தட்டில் மூன்று நிமிடத்துக்குச் சுருக்கி. எதில் எது குறைகிறது என்று பட்டியல் போட்டுத் தர அவரை விட்டால் ஆளில்லை, ஏனென்றால் அத்தனையையும் டேப்பில் பிளேடு வைத்து வெட்டிச் சுருக்கியவர் அவர்தான். ஸ்டூடியோவில் அவருக்குப் பெயரே கத்திரி. முதலாளி பேச ஆரம்பித்தால், அதையும் கொஞ்சம் சுருக்கிக் கொடுங்க கத்திரி என்று காதோரமாக வந்து கெஞ்சுவார்கள்.

ஏழாவது பாட்டு. ஆல்பத்தில் ஐந்து நிமிடம் நாற்பது விநாடி, சின்னத் தட்டில் மூன்று நிமிடம் ஆறு. முன்னால் வரும் புல்லாங்குழல் பாதி போயிருந்தது, இரண்டாம் சரணம் மொத்தமாகப் போயிருந்தது. ஆல்பத்தில் கடைசி வரியைப் பாடிவிட்டுப் பாடகி லேசாகச் சிரிப்பாள். சின்னத் தட்டில் அதற்குள் சத்தம் தேய்ந்து ஓய்ந்துவிடும். சரணத்தை எந்த இடத்தில் எடுத்தோம் என்று முள்ளைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தார். தெரியவில்லை. அந்தக் காலத்தில் நாம் கெட்டிக்காரன்தான் என்று ஒரு அற்ப சந்தோஷம் வந்தது.

உள்ளறையிலிருந்து மனைவியின் மூச்சு கேட்டது. இழுத்து, நின்று, யோசித்து, விடும் மூச்சு. கீழே விழுந்து இடுப்பு போனதிலிருந்து அவள் படுக்கையில்தான். துடைப்பது, புரட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவர் ஒருவரே. சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று அவர் ஒருமுறை நினைத்ததுண்டு. ஒருமுறைதான் என்று சொல்வது பொய்.

மத்தியானம் மறுபடி நடந்தது. கொடியில் போட ஈரப் போர்வையின் ஒரு நுனியைப் பிடித்து எடுத்தார். போர்வை காய்ந்து, மடிந்து, அலமாரிக்குள் இருந்தது, அவர் அலமாரிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். குழாயின் சொட்டு தாளம் தப்பவில்லை, மின்விசிறியின் கிறீச்சொலி சரியான இடத்தில் வந்து விழுந்தது, ஜன்னல் வெயில் மட்டும் ஒரு முழம் நகர்ந்திருந்தது. நல்ல வெட்டு என்று தொழில் புத்தியில் நினைத்தார். நினைத்த பிறகுதான், வெட்டியது யார் என்று திரும்பிப் பார்த்தார்.

மனைவியிடம் போய் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டார். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வற்புறுத்தின பிறகுதான் வாய் திறந்தாள்.

"ஒண்ணும் பண்ணலைங்க. அந்தக் கதவுகிட்ட நின்னு என் மூச்சையே கவனிச்சிட்டு இருந்தீங்க."

"எவ்வளவு நேரம்?"

"ரொம்ப நேரம். இன்னிக்கு மட்டும் இல்ல." அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "இது ரொம்ப நீளமா இருக்குன்னு சொன்னீங்க. உங்க குரல்தான். ஆனா எனக்குப் பயமா இருக்குங்க. பொண்ணை வரச் சொல்லுங்க."

அவர் உடனே மகளுக்குப் போன் போட்டார். அம்மாவைக் கொஞ்ச நாள் உன்னோடு வைத்துக்கொள் என்றார். குரலைக் கேட்டே ஏதோ சரியில்லை என்று புரிந்திருக்க வேண்டும், ஆறு மணிக்குள் வண்டியோடு வந்துவிடுவதாக அவள் சொன்னாள். அப்போது மணி நாலரை.

ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார். மனைவியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், விட்டால்தானே வெட்ட முடியும். தைல வாடை, மூத்திர வாடை, சூடான மெத்தையின் பஞ்சு வாடை, இத்தனை நாளும் மூக்கைச் சுளிக்க வைத்தவை எல்லாம் இப்போது வேண்டியிருந்தன. நீ எத்தனை வருஷம் படுத்திருந்தாலும் சரி, நான் பாத்துக்கறேன் என்று அவளிடம் சொன்னார். மனதாரத்தான் சொன்னார். அவள் அவரைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

ஐந்து மணி. கண் எரிந்தது. இமைக்கவில்லை.

ஐந்தேகால். குழாய் சொட்டியது. அவள் மூச்சை இழுத்தாள்.

அவர் மேசையில் இருந்தார்.

கையில் பென்சில். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. மணி ஐந்தேகால்தான். ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. எழுந்து ஓடினார்.

அறையில் கட்டில் இல்லை. கட்டில் இருந்த இடமும் இல்லை. அலமாரியும் ஜன்னலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நாற்காலியின் முதுகு எதிர்ச்சுவரைத் தொட்டது. அறை ஒரு ஆள் படுக்கும் அளவு குறைந்திருந்தது.

தரையில் ஒரு கோடு. மயிரிழை. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக ஓடிச் சுவரில் ஏறியது. டேப்பை நேராக வெட்டினால் ஒட்டின இடம் டக்கென்று கேட்டுவிடும், அதனால் சாய்த்துத்தான் வெட்டுவார்கள். கோட்டின் இரண்டு பக்கமும் தரையின் பூ வேலைப்பாடு இதழுக்கு இதழ் பொருந்தியிருந்தது. அவரைத் தவிர யார் கண்ணிலும் படாது.

மண்டியிட்டார். கோட்டில் காதை வைத்தார். கைக்குள் அவள் மணிக்கட்டின் சூடு அப்படியே இருந்தது.

கோட்டுக்குக் கீழே அவள் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்தாள். இன்னும் இழுத்தாள். விடவே இல்லை.