இடது பக்கம் போக எந்தப் பக்கம் தள்ளணும்?

நர்மதாவுக்கு அவள் வாய்தான் எதிரி.

"விமானமா? அதெல்லாம் ஜுஜுபி! எங்க நைனாகூட நடுக்கடல் வரைக்கும் போய் வந்தவ நான்" என்று ஆறாம் வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். சொன்னது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், ஒரு குட்டி விமானத்தின் முன் இருக்கையில் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

விமானம் அவள் தோழி ரூஹியின் காலாவுடையது. காலா என்றால் அம்மாவின் தங்கை. ஜஸீமா காலா விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எண்ணூர் தாண்டி ஒரு சின்ன ஓடுதளத்தில் அதை நிறுத்தி வைத்திருந்தார்.

"நீ முன்னால உக்காரேன் ரூஹி, நான் அப்புறமா…" என்று இழுத்தாள் நர்மதா.

"ஐயோ, நான் மாட்டேன்பா! நீதானே பெரிய தைரியசாலி?" ரூஹி பின் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விமானம் ஓடியது, குலுங்கியது, சட்டென்று தரையை விட்டது. நர்மதா பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் பழக்கம் விடுமா? திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

காசிமேட்டில் படகு ஓட்டும் அவள் நைனா தேசப்பன் தினமும் செய்வது அது. கரையை விட்டதும் திரும்பிப் பார்ப்பார். எந்தக் கோபுரத்துக்குப் பின்னால் எந்தக் கட்டடம் நிற்கிறது என்று குறித்துக்கொள்வார். திரும்பி வரும்போது அவை அதேபோல நின்றால் வழி சரி. நர்மதா பார்த்தபோது ஓடுதளத்துக்கு நேர் பின்னால், தூரத்தில், சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு புகைபோக்கி. அதன் பின்னால் இன்னொரு சாம்பல்நிறப் புகைபோக்கி ஒளிந்து நின்றது. இரண்டும் ஒட்டி ஒன்றாகவே தெரிந்தன.

கடலுக்கு மேலே போனதும் காலா, "ரெண்டு கால்களுக்கும் நடுவுல கட்டை மாதிரி இருக்கே, அதைப் பிடி. இடது பக்கம் திருப்பு, பார்ப்போம்" என்றார்.

நர்மதா பிடித்தாள். தள்ளினாள். அவ்வளவுதான்! விமானம் வலது பக்கமாய்ச் சாய்ந்தது. ஜன்னல் முழுக்கக் கடல்.

"அம்மாஆஆ!" பின்னாலிருந்து ரூஹி வீறிட்டாள்.

காலா நிதானமாய்ச் சரி செய்தார். "இடது பக்கம்னேனே கண்ணு?"

"இடது பக்கம் போகணும்னுதான் அக்கா வலது பக்கம் தள்னேன்! படகுல சுக்கானை அப்பிடித்தானே தள்ளுவாங்க!"

காலா சிரித்துவிட்டார். "ஓ, நீ படகு ஓட்டுறியா! இங்க எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமே தள்ளணும்."

நர்மதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இனி எதையும் தொடுவதில்லை, சாமி சத்தியமாய்!

கால் மணி நேரம் கழித்துக் காலா விமானத்தைத் திருப்பினார். திருப்பியவரின் முகம் மாறியது.

கீழே கரையைக் காணோம். கடலிலிருந்து மார்கழிப் பனி கிளம்பி, ஆலைப் புகையோடு கலந்து, தரை முழுவதையும் மூடியிருந்தது. போதாக்குறைக்கு வழி காட்டும் திரையும் இரண்டு முறை மினுக்கிவிட்டு அணைந்தது. காலா அதைத் தட்டிப் பார்த்தார். ஊஹூம்.

வானொலியில் பேசினார். ஓடுதளத்தில் இருந்த லூர்து அண்ணன், "இங்க பக்கத்துல நிக்கிற ஆளே தெரியல மேடம். பெரிய விமான நிலையத்தையும் மூடிட்டாங்களாம்" என்றார்.

"பெட்ரோல் எவ்ளோ கீது அக்கா?" நர்மதாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அரை மணி நேரத்துக்கு இருக்கு. பயப்படாதே" என்ற காலாவின் நெற்றியில் வேர்வை. "திசைகாட்டி வடக்கு எதுன்னு சொல்லும். ஓடுதளம் எதுன்னு சொல்லுமா?"

ரூஹி அழ ஆரம்பித்தாள். நர்மதாவுக்கும் அழுகை முட்டியது. இறங்க முடியாமலே போய்விட்டால்? நைனா காசிமேட்டில் காத்துக்கொண்டே இருப்பாரே!

நைனாவை நினைத்ததும் அந்தப் புகைபோக்கிகள் நினைவுக்கு வந்தன.

அவள் கையைப் பின்னால் நீட்டி ரூஹியின் கையைப் பிடித்தாள். "அழாத ரூஹி. உன் கண்ணுதான் ஷார்ப்பு. பனிக்கு மேல ஏதாவது நீட்டிக்கினு நிக்குதா பாரு. சேப்பு, வெள்ளை, உயரமா!"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே ரூஹி தேடினாள். "அதோ! அந்தப் பக்கம்! ஆனா ரெண்டு நிக்குதே!"

"அக்கா, கிளம்பும்போது அது ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சுது, ஓடுதளத்துக்கு நேர் பின்னால! இப்பத் தனித்தனியாத் தெரியுதுன்னா நாம ஓரமாக் கீறோம். ஒண்ணாத் தெரியற இடத்துக்குப் போய் அதைப் பாத்து நேரா வந்தா, நடுவுல ஓடுதளம் வந்துதானே ஆகணும்?"

காலா விமானத்தை, கிளம்பிப் போன திசையான வடக்கே கொண்டுபோய்த் திருப்பினார்.

"நர்மதா, கட்டையைப் பிடி. நான் உயரம் பார்க்கணும், கீழே பார்க்கணும், லூர்துகூடப் பேசணும். அது ரெண்டும் ஒண்ணாவே தெரியற மாதிரி நீ வச்சுக்கோ. என் கையும் பக்கத்துலதான் இருக்கும்."

"நானா? மாட்டேன் அக்கா! தப்பாத் தள்ளிடுவேன்!"

"தப்பு பண்ணா நான் சொல்றேன். குறி உன்னுது, உனக்குத்தான் தெரியும்."

தொடைக்கு அடியிலிருந்து கைகள் மெல்ல வெளியே வந்தன. புகைபோக்கிகள் நெருங்கின, ஒட்டின, ஒன்றாயின. உடனே சாம்பல்நிறம் வலது பக்கம் எட்டிப் பார்த்தது; விமானம் வலது பக்கமாய் விலகிவிட்டது. இடது பக்கம் போகணும். கை பழக்கத்தில் வலது பக்கம் தள்ளப் போனது. 'படகு இல்லடி, விமானம்!' என்று தன்னையே அதட்டிக்கொண்டு இடது பக்கம் தள்ளினாள். சாம்பல்நிறம் திரும்பவும் ஒளிந்துகொண்டது.

"சத்தம் கேக்குது மேடம்!" வானொலியில் லூர்து அண்ணன் கத்தினார். "நேரா வர்றீங்க! ஜீப் லைட்டைப் போட்டிருக்கேன்!"

விமானம் பனிக்குள் இறங்கியது. எல்லாம் வெள்ளை. நர்மதா கட்டையை அசைக்காமல் பிடித்துக்கொண்டாள். பனிக்குள் மஞ்சளாய் இரண்டு வெளிச்சம் தெரிந்தது. அதன் கீழே, அப்பாடா, ஓடுதளம்!

"இனி நான்" என்று காலா கட்டையை வாங்கிக்கொண்டார். சக்கரம் 'தொம்'மென்று தரையைத் தொட்டது. ரூஹி பின்னாலிருந்தே நர்மதாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

மறுவாரம் நைனாவின் படகில் நர்மதா சுக்கானைப் பிடித்திருந்தாள். மூன்றாவது முறையாகக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நைனாவும் மூன்றாவது முறையாக வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி சரி, எதிர்ல படகு வருது பாரு. இடது பக்கம் திருப்பு" என்றார்.

நர்மதா பெருமையாய் இடது பக்கம் தள்ளினாள். படகு வலது பக்கம் திரும்பி, எதிர்ப் படகை நோக்கியே பாய்ந்தது.

"அடியேய்! இன்னாமே பண்ற?" நைனா பாய்ந்து வந்து சுக்கானைப் பிடுங்கினார்.

"ஐயோ நைனா," என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள் நர்மதா, "விமானம்னு நெனச்சுட்டேன்!"