கடல் உள்வாங்கிய மதியம்

இருவரும் நின்ற பிறகு இன்னொரு காலடி விழுந்தது.

சேற்றிலிருந்து பாதத்தை உருவும்போது வருகிற அந்தச் சப்பென்ற சத்தம், ஒரே ஒரு முறை, அவர்களுக்குப் பின்னால். மிண்டா திரும்பிப் பார்த்தாள். கரையிலிருந்து வந்த வழி நெடுக இரண்டு வரிசைத் தடங்கள். ஒவ்வொன்றிலும் நீர் ஊறி வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் பச்சைப் புல் மூடிய அணைமேடு, அதன்மேல் அசையாத செம்மறியாடுகள், ஓரமாக அவர்களுடைய பழைய நீலக் கார். மற்றபடி மனித வாடையே இல்லை.

"என்ன சிஸ்டரம்மா, அதுக்குள்ள மூச்சு வாங்குதா?" என்றான் ரோடெல்.

"ஒன்னுமில்ல. நட."

காலையில் எழுந்தபோது கடலுக்கு வரும் யோசனையே அவர்களுக்கு இல்லை. ஜெர்மன் நகரமான பிரேமனில் அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் கடைசி நேரத்தில் ஷிப்டை மாற்றியதில் அன்று அவளுக்கு விடுப்பு. அழுக்குத் துணியை மெஷினில் திணித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலருகே நின்ற ரோடெல், மழையே பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தவன், "வெயில் வந்துருக்கு மிண்டா. துணி நாளைக்கும் அழுக்காத்தான் இருக்கப்போவுது. கிளம்பு," என்றான். மிச்சமிருந்த சோற்றையும் காடி ஊற்றி வேகவைத்த கோழியையும் டப்பாவில் அடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். காரில் அவன் பாடிக்கொண்டே வந்தான். அவள் அடிக்கடி அவன் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அப்படிப் பார்ப்பதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான சூட்டோடு சொந்த ஊரான இலோயிலோவிலிருந்து அவள் மட்டும் விமானம் ஏறி வந்தவள். அதன் பிறகு வருடக்கணக்கில் கணவன் என்பது தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த போனிலிருந்து வந்த குரல்தான். அந்தக் குரல் அவளுக்கு அத்துப்படி. சளி பிடித்தால் எப்படி இருக்கும், பொய் சொன்னால் எங்கே இழுபடும், தூக்கம் வந்தால் எந்தச் சொல்லில் தேயும் என்று எல்லாம் தெரியும். இந்தக் கோடையின் முடிவில்தான் விசா கிடைத்து அவன் வந்து சேர்ந்தான். வந்த ஆள்தான் இன்னும் புதிதாக இருந்தான். இரவில் விழித்துக்கொண்டால், பக்கத்தில் மூச்சு விடுவது யார் என்று ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இதை அவள் அவனிடம் சொன்னதில்லை.

கடல் எங்கோ அடிவானத்துக்கு உள்வாங்கிப் போயிருந்தது. அது விட்டுப்போன தரை சாம்பல் நிறத்தில் கண்ணுக்கெட்டிய வரை படுத்துக் கிடந்தது. நண்டு, அழுகிய பாசி, இரும்பு மூன்றும் கலந்த ஒரு வாடை. வழி காட்டுவதற்காகச் சேற்றில் வரிசையாகச் சுள்ளிக்கட்டுகளை நட்டிருந்தார்கள். அந்த வரிசையை விட்டு விலகக்கூடாது என்பது ரோடெலுக்குத் தெரியும். படகு எஞ்சின்களைப் பழுது பார்த்து வளர்ந்தவன். தண்ணீர் ஏறும் நேரத்தை அணைமேட்டுப் பலகையில் பார்த்துவிட்டுத்தான் இறங்கியிருந்தான்.

ஒரு சின்ன ஓடையைத் தாண்டும்போது மிண்டா வாய்க்குள் முணுமுணுத்தாள். "கொஞ்சம் வெலகிக்கங்க. நாங்க பாட்டுக்குப் போயிடுறோம்." ஊரில் தெரியாத இடத்தில் கால் வைத்தால், கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் எல்லோரும் சொல்வதுதான்.

ரோடெல் சிரித்தான். "இங்க இருக்கறதுக்கெல்லாம் ஜெர்மன்ல சொன்னாத்தான் புரியும். நீதான் பரீட்சை பாஸ் பண்ணிருக்கியே, சொல்லேன்."

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா வா."

அவள் சிரிக்கவில்லை. அவன் பேச்சு நின்ற பிறகும் சிரிப்பு கொஞ்சம் அதிகமாகவே நீடித்ததுபோல் பட்டது. எதிரொலிக்க அங்கே சுவரோ பாறையோ ஏதுமில்லை.

மூடுபனி கடல் பக்கமிருந்து வரவில்லை. தரையிலிருந்து எழுந்தது. முதலில் கணுக்கால் மறைந்தது, பிறகு முழங்கால். தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் அணைமேடு இல்லை, ஆடுகள் இல்லை, சூரியன் இருந்த இடத்தில் ஒரு வெளிறிய கறை மட்டும். ஒலிகூட மாறிவிட்டது. தன் மூச்சே பக்கத்து அறையில் யாரோ விடுவதுபோல் கேட்டது. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார்கள். அடுத்த சுள்ளிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அதற்குப் பதில் கறுத்த கம்பங்கள் நான்கு எழுந்து நின்றன. அவற்றின் உச்சியில் ஒரு மரக்கூண்டு, கீழிருந்து ஓர் ஏணி. தண்ணீரில் மாட்டிக்கொள்பவர்கள் ஏறி உயிர் தப்புவதற்காகக் கட்டி வைத்தது.

"இது வரும்போது இல்லையே," என்றாள் மிண்டா.

"நாம பாத்துருக்க மாட்டோம். ஏறு. பனி வெலகட்டும். தண்ணி வர இன்னும் நேரமிருக்கு."

மேலே இரண்டு பேர் ஒடுங்கி உட்காரத்தான் இடம். பலகையில் பறவை எச்சம் காய்ந்திருந்தது. ரோடெல் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான். பிறகு எழுந்தான்.

"சுள்ளிக்கட்டு பக்கத்துலதான் இருக்கணும். பாத்துட்டு வந்துடறேன். நீ பேசிக்கிட்டே இரு, அந்தச் சத்தத்த வச்சே வந்துருவேன்."

"வேணாம். போகாத."

"நாலு எட்டு, மிண்டா."

இறங்கினான். பனி அவன் தலையை மூடியது. அவள் பேசினாள். மெஷினில் கிடக்கும் துணியைப் பற்றி, சாப்பிடாத சோற்றைப் பற்றி, அவன் அம்மாவைப் பற்றி. முதலில் "உம்" கொட்டிக்கொண்டிருந்தான். பிறகு இல்லை. அவள் நிறுத்தினாள். சேறு சப்பென்றது. ஏணி ஒருமுறை முனகியது. அவன் ஏறி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கோட்டோடு சேர்த்துத் தைத்த தொப்பி முன்னால் சரிந்து முகத்தை மறைத்திருந்தது. அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

"கிடைச்சுதா?"

தலையை ஆட்டினான். ஆம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை.

"கை இப்படி ஜில்லிட்டுருக்கே."

கீழே நீர் வரும் ஒலி தொடங்கியிருந்தது. அலையாக இல்லை, பெரிய துணி ஒன்றைத் தரையில் மெல்ல மெல்ல இழுத்துவருவதுபோல. இன்னும் நேரமிருக்கிறது என்றானே, என்று அவள் நினைத்தாள். அவன் தண்ணீர் விஷயத்தில் தப்புக் கணக்குப் போடுகிறவன் இல்லையே.

அப்போது கீழே பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மிண்டா! ஏன் நிறுத்திட்ட? பேசு! கூண்டு எந்தப் பக்கம்னு தெரியல!"

ரோடெலின் குரல். மூச்சிரைத்த குரல். பயத்தை மறைக்க முயலும்போது அவன் குரல் கடைசியில் கொஞ்சம் உயரும், இதுவும் உயர்ந்தது. எத்தனையோ இரவுகள் காதோடு ஒட்டிக் கேட்ட குரல்.

அவள் பக்கத்தில் இருந்தவன் கையை இறுக்கினான்.

"பேசாத," என்றான்.

அதுவும் ரோடெலின் குரல்தான்.

மிண்டா, பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமல், நேரே வெள்ளையைப் பார்த்தபடி, நோயாளியிடம் பேசும் நிதானத்தில் கேட்டாள்:

"டப்பால என்ன எடுத்துட்டு வந்தோம்?"

"பேசாத."

"உங்கம்மா பேரென்ன?"

"பேசாத."

மூன்று முறையும் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். ஒரே இடத்தில் ஒரே மூச்சு.

"மிண்டா!" கீழே தண்ணீரில் யாரோ தடுமாறி விழுந்து எழும் சத்தம். "முழங்கால் வரைக்கும் வந்துருச்சு! என்ன பண்ற மேல? வாயத் தெற!"

கையை உருவப் பார்த்தாள். முடியவில்லை. வலிக்கும்படி பிடிக்கவில்லை அது. வெறுமனே விடவில்லை, அவ்வளவுதான். நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் திரட்டிக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

அதற்கு முன்னால் கீழேயிருந்து ஒரு பெண் குரல் பதில் சொன்னது.

"இங்க இருக்கேன், ரோடெல். இப்படி வா."

அவளுடைய குரல்.

"எப்ப எறங்குன? பயந்தே போய்ட்டேன்டி!"

"வழி தெரிஞ்சிருச்சு. கையப் பிடி."

மிண்டா கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். பெயரைச் சொல்லித்தான் கத்தினாள். ஆனால் பனிக்குள் போன ஒலி பெயராக இல்லை.

கீழே காலடிகள் நின்றன.

"என்ன சத்தம் அது?" என்றான் ரோடெல்.

"ஏதோ பறவை. வா, குளுருது."

அவன் சிரித்தான். பிழைத்துக்கொண்டவனின் சிரிப்பு. நீரைக் கலக்கிக்கொண்டு இரண்டு ஜோடிக் கால்கள் விலகிப் போயின. அவள் மறுபடி கத்தினாள். உதைத்தாள். பலகை அதிர்ந்தது. பிடி தளரவில்லை. கத்தினாள். காடி ஊற்றிய கோழி என்று கத்தினாள், அவன் அம்மாவின் பேரைக் கத்தினாள், போனில் அவர்களுக்கு மட்டுமே தெரிந்த கொஞ்சல் பேரைக் கத்தினாள். தூரத்தில் கடற்பறவைகள் அதற்குப் பதில் குரல் கொடுத்தன.

பனி கரைப் பக்கம் மட்டும் விலகியது. திரையை ஒருவர் ஒதுக்கிப் பிடித்ததுபோல், ஒரு கீற்று. மாலை வெயிலில் அணைமேடு பளிச்சென்று தெரிந்தது. இரண்டு பேர் கைகோத்து ஏறிக்கொண்டிருந்தார்கள். பாதி மேட்டில் ரோடெல் நின்று, தன் சட்டைக்கு மேல் போட்டிருந்த கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவளின் தோளில் போர்த்தினான். அவள் அவன் தலைமுடியிலிருந்து எதையோ எடுத்துப் போட்டாள். அவளுடைய நடை. அவளுடைய முதுகு. காருக்குள் ஏறும் முன் அந்தப் பெண் மட்டும் கடல் பக்கம் திரும்பி நின்றாள். கொஞ்ச நேரம். பிறகு ஏறிக்கொண்டாள்.

கதவு சாத்தும் சத்தம் இவ்வளவு தூரத்துக்கும் தெளிவாகக் கேட்டது. பின்விளக்குகள் சிவந்தன. மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கின.

ஏணியின் கீழ்ப்படிகள் நீருக்குள் போய்விட்டன. எல்லாப் பக்கமும் தண்ணீர். அசைவில்லாத, சாம்பல் நிறத் தண்ணீர்.

பக்கத்தில் இருந்தது மெல்ல நகர்ந்து அவளோடு ஒட்டி உட்கார்ந்தது. ஈரத் தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டது. நெடுநாள் காத்திருந்துவிட்ட ஒருவரைப் போல ஆழமாக, நிம்மதியாக ஒரு மூச்சு விட்டது.