எறும்பு வராத அறை

1974, ஆடி மாதம். திங்கட்கிழமை காலை எட்டு மணி.

சர்க்கரை மூட்டையைக் காணவில்லை.

ரேஷன் சர்க்கரைக்கு மக்கள் அடித்துக்கொண்ட காலம் அது. திருவள்ளூரை ஒட்டிய அந்த ஆணித் தொழிற்சாலையின் கேண்டீனில் ஒரு முழு மூட்டை மாயமானது, நகைக்கடையில் களவு போனதற்குச் சமம். ஏட்டு துலுக்காணம் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் திருடி யாரென்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

டப்பாவில் மிச்சமிருந்த சர்க்கரையைச் சுரண்டி ஏட்டுக்கு டீ போட வந்தார்கள். வேண்டாம், வெறும் டீ போதும் என்றார். இரண்டு வருஷமாக அவர் குடிப்பது அதுதான். வீட்டில் மனைவி சம்பூர்ணம் போட்ட சட்டம். போலீஸ் சட்டத்தைக்கூட மீறலாம், அதை மீற முடியாது.

கேண்டீன் சூப்பர்வைசர் அருணகிரி விவரம் சொன்னார். சனிக்கிழமை மாலை அவரே மூட்டையை வாங்கி ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினாராம். சாவி இரண்டு. ஒன்று அவரிடம், இன்னொன்று அடுப்பு மூட்டுகிற கன்னியம்மாவிடம். பூட்டு உடையவில்லை.

"ஒரு பொம்பளயால அம்மாம் பெரிய மூட்டையத் தூக்க முடியுமா?" என்றார் ஏட்டு.

"அவ மூஞ்சிய நல்லாப் பாருங்க ஏட்டய்யா. அவளா பொம்பள?"

ஏட்டு பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். மேலுதட்டிலும் மோவாயிலும் மழித்த இடம் பச்சை பூத்திருந்தது. கழுத்தைச் சுற்றிக் கருமை, தேய்த்தாலும் போகாத அழுக்கு மாதிரி. கேண்டீனில் அவளுக்கு 'மீசை' என்று பட்டப்பெயர். அதை வைத்த புண்ணியவான்களில் ஒருவனும் அவள் வடித்த சோற்றை வேண்டாமென்று சொன்னதில்லை.

இன்னொரு சாட்சியும் இருந்தது. தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய அவள் வீட்டுக்குப் பின்னால் எறும்பு சாரை சாரையாகப் போகிறது, சர்க்கரையை அங்கேதான் புதைத்திருக்கிறாள் என்றார் அருணகிரி. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. மதியத்துக்குள் மூட்டை வராவிட்டால் அவளுக்கு வேலையும் இல்லை, ஜெயிலும் உண்டு என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

எட்டரை மணி.

ஏட்டு ஸ்டோர் ரூமில் மண்டியிட்டு மூலை மூலையாகப் பார்த்தார். மூட்டை இருந்ததாகச் சொன்ன இடத்தில் தூசி இருந்தது, நாலு அரிசி இருந்தது. டீக்காரரிடம் ஒரு சிட்டிகை சர்க்கரை வாங்கி அங்கே தூவினார். பூட்டி, இரண்டு சாவிகளையும் தன் பையில் போட்டுக்கொண்டார்.

கன்னியம்மா வீட்டுக் கொல்லையில், குளிக்கவும் ஒதுங்கவும் கட்டிய கீற்றுத் தடுப்புக்குள் ஒரு கல்லைச் சுற்றி எறும்பு மொய்த்தது. கடப்பாரை போட்டுத் தோண்டினார்கள். ஈரமண்தான் வந்தது. தோண்டி முடிப்பதற்குள் கன்னியம்மா மூன்று சொம்பு தண்ணீர் குடித்துவிட்டாள். ஏட்டின் கண் மண்ணிலில்லை, அந்தச் சொம்பில் இருந்தது.

அவள் புருஷன் மோசஸைத் தனியே கூப்பிட்டு, ராத்திரியில் அவள் தூங்குகிறாளா என்று கேட்டார்.

"எங்க தூங்குது? தண்ணி குடிக்கும், வெளிய போவும். வந்து படுத்தா திரும்பவும் தண்ணி. கொயந்த இல்ல, மூஞ்சி இப்பிடி இருக்குது, வேற கட்டிக்கோன்னு எங்க ஜனமே பேஜார் பண்ணுது ஏட்டய்யா. நான் காதுலயே போட்டுக்கல. ஞாயித்துக்கெயம கோயிலுக்குப் போறதுக்கு முன்ன, எனக்கு ஷேவ் பண்ணிக்கினு அதுக்கும் நானே பண்ணிவுட்றேன். இதுல இன்னா வெக்கம்?"

களவு விசாரிக்க வந்த இடத்தில் இப்படி ஒரு கல்யாணத்தைப் பார்ப்போம் என்று ஏட்டு நினைக்கவில்லை.

பத்து மணி. எல்லோர் முன்னாலும் ஸ்டோர் ரூமைத் திறந்தார். தூவிய சிட்டிகையைக் காணவில்லை, எறும்புதான் தெரிந்தது. சுவர் ஓட்டையிலிருந்து கறுப்பாய் ஒரு கோடு.

"ஒரு சிட்டிகைக்கு இவ்ளோ எறும்பு. சனிக்கெயமலேர்ந்து கோணிப்பையில முழு மூட்ட இருந்துச்சின்னு சொன்ன எடத்துல காலைல நான் ஒரு எறும்பப் பாக்கல," என்றார் ஏட்டு. "மூட்ட இந்த ரூமுக்கு வரவேயில்ல. வழியிலயே யாருக்கு வித்தீங்க அருணகிரி?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் வேர்த்து விறுவிறுத்தார். கொஞ்ச நேரத்தில் கும்மிடிப்பூண்டி ரோட்டு ஓட்டல் ஒன்றின் பெயர் வெளியே வந்தது.

மானேஜர் விடவில்லை. அப்படியானால் அவள் வீட்டில் எறும்பு ஏன் என்றார். கன்னியம்மா தலையைக் குனிந்தாள். ஏட்டு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"ரெண்டு வருசம் முந்தி என் ஊட்டு சாக்கடையாண்டயும் இதே சாரைதான். திருட்டு வெல்லம் துன்றியான்னு எங்கூட்டம்மா உலுக்கி எடுத்துட்டா. டாக்டராண்ட போனா, மூத்திரத்துல சர்க்கரைன்னாரு. எனக்கு வந்த வியாதி இந்தம்மாவுக்கும் வந்துகீது. அவ்ளோதான்."

மறுநாள் ஏட்டு அழைத்துப்போன ஆஸ்பத்திரியில், டாக்டரம்மா கன்னியம்மாவின் மூத்திரத்தை விட்டுக் காய்ச்சிய குழாயில் நீல மருந்து செங்கல் நிறமானது. அவர் கன்னியம்மாவின் கழுத்தைப் பார்த்தார், மோவாயைப் பார்த்தார், மாதவிலக்கு எப்போது நின்றதென்று கேட்டார். உடம்பின் சுரப்பிகள் நிலை தவறினால் பெண்ணுக்கும் இப்படி முடி வளரும், தீட்டு தள்ளிப்போகும், சிலருக்குச் சர்க்கரையும் ஏறும். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான் என்றார். எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. சர்க்கரையை அடக்க மருந்து உண்டு; மற்றதைப் பொறுமையாகப் பார்க்கலாம் என்றார்.

கன்னியம்மா மோவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ நான் பொம்பளதானா டாக்டரம்மா?"

டாக்டரம்மா வாயைத் திறக்குமுன் மோசஸ் முந்திக்கொண்டான். "இத்தக் கேக்கவா இம்மாந்தூரம் வந்த? என்னக் கேட்டா நான் சொல்லமாட்டனா?"

வெளியே வந்ததும் ஏட்டு, சர்க்கரை போடாமல் இரண்டு டீ சொன்னார். மூன்றாக்கச் சொன்னான் மோசஸ். ஒரு வாய் குடித்து, வேப்பெண்ணெய் விழுங்கியவன் போல முகத்தைச் சுளித்தான்.

"இதையா ரெண்டு வருசமா குடிச்சிக்கினுகீறீங்க?"

கன்னியம்மா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்த முந்தானையை எடுக்கப்போன கை, கிளாஸை விட மனமில்லாமல் அங்கேயே இருந்துவிட்டது.